வலப்பக்கமா, இடப்பக்கமா?

கைக்குழந்தையோடு ரயிலில் அலைய வேண்டாம், ஆகாய விமானத்தில் வா என்று கொழும்பில் உத்தியோகம் பார்த்த என் கணவர் எழுதியிருந்தார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பலாலியிலிருந்து விமானம் பறக்கத் தொடங்கியிருந்த காலம். எனக்குச் சந்தோஷத்தில் நித்திரையே வரவில்லை. அம்மாவுக்குப் பயத்தில் வரவில்லை.

"முத்தத்திலை வெள்ளை வேட்டி விரிச்சு வையுங்கோ அம்மா. மேலை இருந்து கட்டாயம் பாப்பன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"கண்டாத்தான் கண்டனெண்டு எழுத வேணும். என்னைத் தேத்திறதுக்குப் பொய் எழுதாதை."

அன்றே பழைய பள்ளிக்கூடத் தேசப்படத்தை விரித்தேன். விமானம் தெற்கே போகும். எங்கள் மானிப்பாய் பலாலிக்குத் தென்மேற்கே. ஆகவே வலப்பக்க யன்னல். மூன்று தரம் பார்த்தும் சந்தேகம் போகவில்லை.

"வலப்பக்கந்தான். செட்டைக்கு மேலை மட்டும் இருந்திடாதை, ஒண்டும் தெரியாது" என்று பலாலிக்குக் கூட்டிவந்த அண்ணை அடித்துச் சொன்னார்.

முந்தி ஏறுகிறவர்களுக்கு விரும்பிய இடம். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் ஏறிய வேகத்தை இப்போது நினைத்தாலும் வெட்கம். வலப்பக்கம், இறக்கைக்குப் பின்னால், கடைசிக்கு முன் யன்னல். உட்கார்ந்த பிறகும், இடப்பக்கம் இருந்திருக்கலாமோ என்று மனம் குடைந்தது.

விமானம் ஓடியது, எழும்பியது. வயிறு கீழேயே நின்றுவிட்டது. குழந்தை சிரித்தது! கீழே கடல், பச்சையும் நீலமுமாக. கடலா? விமானம் வடக்கே எழும்பி, இடப்பக்கம் வளைந்து, கரையோரமாகத் தெற்கே திரும்பியிருந்தது. என் யன்னல் நிறையக் கடல்தான். ஊர் முழுவதும் மற்றப் பக்கம்.

அந்தப் பக்கத்தில் ஒரு சுருட்டு முதலாளி கண்ணை இறுக மூடித் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்கடை வீடு அந்தப் பக்கம். கொஞ்சம் இடம் மாறுவியளோ?"

"வா பிள்ளை, வா! இந்த யன்னலை ஆரும் கேக்க மாட்டினமோ எண்டுதான் இவ்வளவு நேரமும் கும்பிட்டனான்."

யன்னலில் முகத்தை ஒட்டினேன். பனைகள், வேலிகள், செம்மண் தோட்டங்கள், பாத்தி பாத்தியாகப் புகையிலை. ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு வெள்ளைச் சதுரம்! ஒரு நொடி ஊரே எனக்காக வேட்டி விரித்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. மாசி மாதம். பனங்கிழங்கைக் கிழித்து, ஒடியலுக்காகப் பாயில் காயப்போட்டிருக்கிறார்கள். போன கிழமை நானும் இருந்து கிழித்தவள்தானே! இது எப்படி மறந்து போயிற்று?

கோயில் கேணி பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேற்கே மூன்றாவது வளவு எங்களுடையது. ஒன்று, இரண்டு... வேலிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ணிக்கை பிசகியது. எல்லாம் வெள்ளை. பொய்தான் எழுதப்போகிறேனா?

அப்போது ஒரு முற்றத்தில் மட்டும் சிவப்பு. நீளமாக, கிணற்றடியிலிருந்து வாசல்வரை. அம்மாவின் கூறைச்சேலை! பெட்டியை விட்டு வெளியே எடுத்ததை நான் கண்டதேயில்லை. நான் மறந்த ஒடியல் அம்மாவுக்கு நினைவு வந்திருக்கிறது.

"கண்டியே பிள்ளை?" என்றார் முதலாளி, கண்ணைத் திறக்காமலே.

"கண்டிட்டன் ஐயா! கண்டிட்டன்!"

குழந்தையின் கையைப் பிடித்து யன்னலில் ஆட்டினேன். உடனே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.

"அம்மா, வெயில் ஏறுது, சாயம் போயிடும். கெதியா மடிச்சு வையுங்கோ" என்று கண்ணாடியைப் பார்த்து உரக்கவே சொன்னேன்.