பாகுப் பதத்தில் எஞ்சின் ஆயில்

போன வாரம் எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், தங்கக்கட்டி. அவளுடைய இன்னொரு தாத்தா கட்டுமாவடிப் படகுக்காரர் சோலையப்பன். எதையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார்.

அறுபத்து மூன்று வயதில் படகுக்குப் புது டீசல் எஞ்சின் வைத்தார். வேகமாக ஓட்டினால் அது கொதித்தது. ஆயில் சரியில்லையென்றால் எஞ்சின் நடுக்கடலில் இறுகி நின்றுவிடுமே என்று பயம். கடையிலிருந்து இரண்டு வகை ஆயில் வாங்கிவந்து, விரலில் தொட்டு இழுத்துப் பார்த்தார். கெட்டியானதுதான் நல்லது என்று முடிவு கட்டினார்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்த அவர் மனைவி செவந்தி சிரித்தார்.

"ஆறுன பாகுல யாராச்சும் பதம் பாப்பாங்களா? ஆறுனா எல்லாமே கெட்டிதேன்."

"இது என்ன பலகாரமா புள்ள?"

"எஞ்சினு கொதிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? சுட வச்சுப் பாருங்க."

இரண்டையும் தகர டப்பாக்களில் ஊற்றி, கொதிக்கும் தண்ணீரில் வைத்தார்கள். கெட்டி ஆயில் தண்ணீராக ஓடியது. மெலிசாக இருந்ததோ விரலில் வழவழவென்று நின்றது.

"இதென்ன இப்புடி மாறிப்போச்சு?" என்று சோலையப்பன் திரும்பத் திரும்பத் தொட்டார்.

மறுநாள் மெலிசு ஆயிலை ஊற்றி முழு வேகத்தில் கடலுக்குப் போனார். எஞ்சின் எங்கேயும் இறுகவில்லை. கரையேறியதும், மற்றப் படகுக்காரர்களின் ஆயிலையும் கேட்டு வாங்கிச் சுடவைக்க ஆரம்பித்துவிட்டார்.