இருபது கதிரையும் இடப்பக்கம்

பிள்ளைகளே, மரவேலையில் நான் விட்ட மிகப் பெரிய பிழை இது. வாழைச்சேனையில் விஞ்ஞானம் டியூஷன் நடத்தும் சேர் ஒருவருக்கு, எழுதுவதற்குப் பலகை பூட்டிய கதிரை இருபது செய்யச் சம்மதித்தேன். அதுவரை கதவு, யன்னல், கட்டில்தான் என் வேலை. கதிரை சரிவந்தால் புதிய மண்டபத்தின் மேசை, அலுமாரி எல்லாம் எனக்குத்தான் என்று சேர் சொல்லியிருந்தார்.

முதல் கதிரையைச் செய்து முடித்து, நானே அதில் இருந்து, என் பெயரை எழுதிப் பார்த்தேன். கை தாராளமாக ஓடியது.

சேர் போனில் கேட்டார்: "ஓடாவியார், எழுத வசதியா இரிக்கா?"

"எழுதிப் பாத்துத்தான் சொல்றன் சேர். சோக்கா இரிக்கி."

மற்றப் பத்தொன்பதையும் அதே மாதிரி செய்தேன்.

மண்டபம் திறந்த சனிக்கிழமை பெற்றோரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் கொப்பியைத் திறந்ததும் வகுப்பே ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. பலகை இடப்பக்கம். வலக்கையை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி, இடுப்பை முறுக்கி எழுதினார்கள்.

ஒரு தாய் கேட்டா: "சேர், விஞ்ஞானத்தோட யோகாவும் படிப்பிக்கிறீங்களா?"

சேர் என்னிடம் வந்தார். "எந்தக் கையால எழுதிப் பாத்தீங்க?"

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதுவதுபோல் பிடித்துப் பார்த்தேன். இடக்கை. இருபது கதிரையையும் நான் எனக்கே செய்திருக்கிறேன்!

"எல்லாத்தையும் திருப்பி லொறியில ஏத்துங்க ஓடாவியார். எனக்கு வேணாம்."

கதிரை இறக்கிய லொறிக்குப் போன் எடுத்தேன். லொறி திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றான் டிரைவர். அதுவரைக்கும் சேர் படிப்பித்தார். நான் பின்சுவரோடு ஒட்டி நின்றேன். இரண்டு வசனத்துக்கு ஒருதரம் "நேரா இரி! டேய், நேரா இரி!" என்று ஏச்சு.

மூன்றாம் வரிசையில் யதுசா என்ற பிள்ளை மட்டும் நிமிர்ந்து இருந்து, ஆறுதலாக எழுதிக்கொண்டிருந்தாள். சேருக்கு நம்ப முடியவில்லை.

"நீதானே ஒவ்வொரு நாளும் கோணிக்கொண்டு இருந்து ஏச்சு வாங்குறவள்? இண்டைக்கு என்ன புதினம்?"

"இண்டைக்குத்தான் சேர் பலகை சரியான பக்கம் இரிக்கி. பழைய கதிரையில நானும் இவங்களப் போலத்தான் முறுகி இருந்தன்."

பக்கத்தில் இருந்தவன் முதுகைத் தடவினான். "எனக்கு அரை மணித்தியாலத்திலேயே இடுப்பு முறியுது. ரெண்டு வருசம் எப்பிடியடி இருந்தாய்?"

வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை.

"இடக்கையால எழுதுற ஆக்கள் கைய உயத்துங்க."

யதுசா உயர்த்தினாள். இன்னொரு பிள்ளையும் உயர்த்தினாள். ஒரு பொடியன் வலக்கையை உயர்த்தினான்.

"அதென்ன, வலக்கைய உயத்துறாய்?"

"இடக்கையத் தூக்கினா அம்மா ஏசுவா சேர்."

அம்மா வாசலில்தான் நின்றா. முகம் சிவந்துபோய்ச் சொன்னா: "ஏசமாட்டன். உயத்து மனே."

நாலாவது கை என்னுடையது.

சேர் பெற்றோர் பக்கம் திரும்பினார். எந்தக் கை முந்தும் என்பது மூளையோடு சேர்ந்தது, அநேகமாகப் பிறக்க முன்னமே தொடங்குவது, அடித்துத் திருத்தும் கெட்ட பழக்கம் அல்ல என்று விளங்கப்படுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத நான் வருசா வருசம் படிப்பிக்கிறன். படிப்பிச்சுப்போட்டு இந்தப் புள்ளைய ஏசியும் இரிக்கன்" என்றார்.

லொறி வந்தது. இடக்கைப் பிள்ளைகளுக்காக மூன்று கதிரையைச் சேர் மண்டபத்திலேயே வைத்துக்கொண்டு, மற்றதை மாற்றித் தரச் சொன்னார். பதினேழை ஏற்றிக்கொண்டு போய், ஒரு கிழமையில் பலகையைக் கழற்றி வலப்பக்கம் மாற்றினேன். அந்தக் கிழமை பிள்ளைகள் பாயில் இருந்து படித்தார்கள். மேசை வேலையும் எனக்கே கிடைத்தது.

இப்போது யாராவது வகுப்புக் கதிரை கேட்டால், எத்தனை பேர் இடக்கை என்று முதலில் கேட்பேன். "ஒருத்தரும் இல்ல" என்று உடனே சொல்வார்கள். போய் வகுப்பில் பார்த்து எண்ணிக்கொண்டு வரச் சொல்வேன். எண்ணி வந்த பிறகுதான் மரம் அறுப்பேன்.