இரட்டை மலையும் தொலையாத ஆடும்

போன ஞாயிற்றுக்கிழமை தனியாக மலை ஏறினேன். ஒன்றல்ல, இரண்டு. ஒரே நாளில்.

சிரிக்காதீர்கள். அருப்புக்கோட்டைக்காரன் மலை ஏறினேன் என்றால், எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். எங்கள் பக்கம் கண்மாய்க் கரைதான் உயரமான இடம். ஆனால் பரளச்சியைத் தாண்டி, பொட்டலுக்கு நடுவே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாறைக் குன்றுகள் உண்டு. அண்ணன் மலை, தம்பி மலை. தம்பிதான் உயரம். நிறைய வீடுகளில் அப்படித்தானே?

வெளிநாட்டில் இருக்கும் என் மச்சினன் அனுப்பிய போட்டோதான் ஆரம்பம். பனி மலை, முதுகில் பை, கீழே 'சோலோ ஹைக்' என்று ஒரு வரி. தனியாக மலை ஏறுவதாம். நானோ ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். விடிந்தால் "அண்ணாச்சி, அரை இஞ்ச் பைப்பு இருக்கா?", பொழுது அடைந்தால் "அண்ணாச்சி, நேத்து வாங்குன கொழா ஒழுகுது." ஒரு நாள்... ஒரே ஒரு நாள், யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது. மலை ஒரு சாக்குத்தான்.

"தனியாவா? அங்கன யாரு இருக்கா?" என்றாள் மனைவி.

"யாரும் இல்ல. அதுக்குத்தான் போறேன்."

புளியோதரை கட்டிக்கொடுத்தாள். இரண்டு பேருக்கு! ஒருவன் தனியாகப் போவான் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தினார்.

"ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்."

"இல்லண்ணே, நடந்து மலைக்குப் போறேன்."

"அங்க கோயிலு கூட இல்லையே. என்ன சோலி?"

"சும்மாதான்."

எங்கள் பக்கம் சும்மா நடக்கிறவன் ஒன்று கல்குவாரிக்கு இடம் பார்க்க வந்தவன், அல்லது வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவன். அவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். "எல்லா வீட்லயும் உள்ளதுதான்..." என்று வண்டியை உருட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் கூட வந்து ஆறுதல் சொன்னார்.

மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார் ஓர் அக்கா. முத்துராக்கு என்று பேர் பிறகுதான் தெரிந்தது. "யாரத் தேடுறீக?"

சும்மா என்றால் எடுபடாது என்று இதற்குள் தெரிந்துவிட்டதே. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆடு ஒண்ணக் காணோம்க்கா."

"என்ன ஆடு?"

"கருப்பு. இடது காது மட்டும் வெள்ளை." கடை நேரம் போக இப்படிப் பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவன் நான்; விவரம் சேர்க்காவிட்டால் தூக்கம் வராது.

அவ்வளவுதான். ஆட்டைக் காணோம் என்று ஒருவன் சொன்னால், எங்கள் ஊரில் கேட்டவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார். அக்கா தன் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினார். பக்கத்தில் விறகை அடுக்கிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்த மூன்று பேரைக் கூப்பிட்டார். பைக்கில் வந்தவரும் திரும்பி வந்தார். "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல" என்று அவருக்குக் கோபம்.

என் சோலோ ஹைக்கில் அண்ணன் மலை உச்சிக்கு ஆறு பேர் போய்ச் சேர்ந்தோம். புளியோதரை பற்றவில்லை.

"நீங்க கூப்புடுங்க. உங்க கொரலுக்குத்தான் வரும்" என்றார் அக்கா. இல்லாத ஆட்டை நாலா பக்கமும் பார்த்துக் கூப்பிட்டேன். மனசு விட்டுக் கூப்பிடவில்லை என்று குறை வேறு.

இறங்கி வந்தால்... அக்காவின் ஆடுகளில் ஒன்றைக் காணோம். சினை ஆடு.

"இன்னைக்கோ நாளைக்கோ ஈனுற ஆடு" என்றார். கண்மாய்ப் பக்கம் பார்த்துக் கையைக் குவித்துக் கூப்பிட ஆரம்பித்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பொய் ஆட்டைத் தேட வைத்து நிஜ ஆட்டைத் தொலைத்துவிட்டேனே!

மற்றவர்கள் கண்மாய்ப் பக்கம் ஓடினார்கள். நான் தம்பி மலையில் ஏறினேன். வேலிமுள் சட்டையைக் கிழித்தது. பாதியில் செருப்பு அறுந்தது. சுடுகிற பாறையில் வெறுங்காலோடு, பயந்துகொண்டே ஏறினேன். அப்போதுதான் உறைத்தது, என்கூட யாரும் இல்லை. ஆனால் அதைக் கொண்டாட நேரமில்லை.

உச்சியில் ஒரு பாறை நிழலில் நின்றது ஆடு. காலடியில், ஈரம் காயாத குட்டி. ஈனுவதற்கு யாரும் இல்லாத இடம் தேடி வந்திருக்கிறது. 'இங்கேயுமா?' என்பதுபோல் என்னைப் பார்த்தது. அந்த வேதனை எனக்குப் புரிந்தது.

குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். தாய் கத்திக்கொண்டே பின்னால் வந்தது. கீழே அக்கா குட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கண் கலங்கினார். "என் ஆடு கெடச்சிருச்சு. உங்களது கெடைக்கலையே அண்ணே."

தாங்க முடியவில்லை. "பொய் சொல்லிட்டேன்க்கா. எங்கிட்ட ஆடே கிடையாது. சும்மா மலை ஏறத்தான் வந்தேன்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சும்மா யாராச்சும் மலை ஏறுவாகளா?" என்றார் அக்கா, மெதுவாக. "ஆடு போன வெசனத்துல எதையாச்சும் பேசாதீக." என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

தினமும் காலையில் போன் வருகிறது. "இன்னும் ஆப்புடல அண்ணே. விட மாட்டோம்." பக்கத்து ஊர்களிலும் சொல்லி வைத்திருக்கிறாராம். பைக்கில் வந்தவர் திருச்சுழி வரை போய்ப் பார்த்து வந்தாராம்.

எனவே வாசகர்களே... கருப்பு ஆடு, இடது காது மட்டும் வெள்ளை, யாரிடமாவது விலைக்கு இருந்தால் சொல்லுங்கள். வாங்கி அந்த மலைப் பக்கம் விட்டுவிடுகிறேன். அக்கா பாவம், கண்டுபிடிக்கட்டும்.