எதிர்ப்பக்கம் மிதித்த கால்

நான் விமானி ஆவதற்கு முன்பே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். விழுப்புரத்தில் அச்சுக்கடை வைத்திருக்கும் தாய்மாமன் செய்த வேலை அது. 2011 ஆடி மாதம், பயிற்சியில் தேறாமல் விடுப்பில் ஊர் திரும்பிய அன்று, அந்தப் படத்தின் கீழேதான் மரக்காணம் பஸ்ஸுக்கு நின்றேன். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். அம்மனின் அருளைச் சொல்ல வந்தவன் வெட்கத்திலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவன் நான். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றேன். வானத்தில் ஒரு குறையும் இல்லை. தரையைத் தொட்டதும்தான் சனியன் பிடிக்கும். விமானம் இடப்பக்கம் இழுத்தால் வலது மிதியைக் காலால் அழுத்த வேண்டும். அவசரத்தில் நான் இடது மிதியை அழுத்திவிடுவேன். விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறங்கிவிடும்.

முதல் பயிற்றுநர் மூன்று முறை பொறுத்தார். பிறகு என்னோடு ஏற மறுத்துவிட்டார். இரண்டாமவர், இவனைத் தனியாகப் பறக்க விடவே முடியாது என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு முன்கோபம் அதிகம். தமிழன் என்றால் இவர்களுக்கு ஆகாது என்று அறையில் கத்தினேன். கடைசியில் தலைமைப் பயிற்றுநர் பத்து நாள் விடுப்புக் கொடுத்தார். திரும்பி வந்ததும் அவரே சோதிப்பார். அதிலும் தவறினால் பெயர் நீக்கம்.

ஊர் வந்த மறுநாள் விடியலில் எங்கள் கடற்கரை அம்மன் முன் உட்கார்ந்து அழுதேன். "தாயே, தப்பு அவங்க மேலன்னா அவங்களத் திருத்து. என் மேலன்னா எங்கன்னு காட்டு." அந்தப் பின்பாதி எப்படி வாயில் வந்தது என்று இன்றும் தெரியாது. அதுவரை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் அப்பா எழுப்பினார். "சும்மா குந்திக்கினு இருந்தா புத்தி கெட்டுப் பூடும். கடலுக்கு வா."

படகின் பின்னால், சிறுவயதிலிருந்து நான் பிடித்துத் திருப்பிப் பழகிய என்ஜின் கைப்பிடிதான். அலை படகை இடப்பக்கம் தள்ளியது. படகை வலப்பக்கம் திருப்பக் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினேன். கை அப்படியே நின்றது. படகில் எல்லாமே எதிர்ப்பக்கம். இத்தனை நாளும் என் கால் விமானத்தில் படகு ஓட்டியிருக்கிறது.

"இன்னாடா, பேய் அறைஞ்ச மாரி நிக்கிற?"

"தப்பு எங்கன்னு தெரிஞ்சிடுச்சிப்பா."

"யார் சொன்னது?"

"நம்ம அம்மன் காட்டிட்டா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

மீதி நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு செங்கல்லைக் காலடியில் வைத்து, வலது என்றால் வலது, இடது என்றால் இடது என்று மிதித்துப் பழகினேன். குப்பமே வேடிக்கை பார்த்தது. சோதனை நாளில் காற்று பலமாக இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. "தாயே" என்றேன். வலது கால் அழுந்தியது. விமானம் நடுக்கோட்டிலேயே ஓடி நின்றது. தலைமைப் பயிற்றுநர் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டார். நான் திட்டித் தீர்த்த இரண்டு பயிற்றுநர்களிடமும் அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது நானும் பயிற்றுநர். மாணவன் ஒரே தப்பைத் திரும்பச் செய்தால், இதற்கு முன் என்ன ஓட்டினாய் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கதவெல்லாம் அடைபட்டு நிற்பவர்களே, அவளிடம் கேளுங்கள். கட்டாயம் காட்டுவாள். ஆனால் அந்தப் பின்பாதியையும் சேர்த்துக் கேளுங்கள்.