டைம்டேபிள் அக்கா வெட்டிய நன்றி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பச்சைக் குழந்தைகள் வார்டில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். குழந்தைகளிடம் காட்ட முடியாத கோபத்தைப் பெரியவர்களிடம்தானே காட்ட முடியும்? அப்படி ஒரு நாள் நான் காய்ச்சி எடுத்தவர்தான் டைம்டேபிள் அக்கா.

அவர் டாக்டரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. பஸ் டிப்போவில், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எப்போது போய்ச் சேரும் என்று அட்டவணை போடுகிறவர். ஹாரன் சத்தத்திலேயே இருந்து இருந்து காதுக்குள் ஓயாத ரீங்காரம் வந்துவிட்டது. அதைப் பற்றிப் படிக்கலாமே என்று நூலகத்துக் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார். திறந்த கட்டுரையெல்லாம் நாலு வரியைக் காட்டிவிட்டு, பணம் கட்டு என்று கதவைச் சாத்தியது. ஒரே ஒரு பத்திரிகை மட்டும் கடைசி வரி வரைக்கும் படிக்க விட்டது.

அது டாக்டர்கள், நர்ஸுகள், நூலகர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் மருத்துவ ஆய்வுப் பத்திரிகை. முதலாளி என்று யாரும் கிடையாது. எழுதுகிறவரும் காசு தர வேண்டாம், படிக்கிறவரும் தர வேண்டாம். அந்த நூலகத்தின் பின்னறையிலேயே, கால் ஆடும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்சமாக வேலையைப் பங்கு போட்டுச் செய்கிறார்கள்.

அக்கா கட்டுரையை முழுக்கப் படித்தார். காது சரியாகவில்லை. ஆனால் நூலகரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: ‘மூணாவது அட்டவணையில ஒரு பஸ் தப்பான ஸ்டாப்புல நிக்குது.’ நூலகர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அப்புறம் அட்டவணையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாராம். ஓர் எண் நிஜமாகவே தவறான கட்டத்தில் இருந்தது. அன்றிலிருந்து பத்திரிகையின் அட்டவணைகளெல்லாம் அக்கா பொறுப்பு. “டிப்போ வேலை பத்தாதாக்கா, எதுக்கு இது வேற?” என்று யாராவது கேட்டால், “என்னைப் படிக்க விட்டாங்கல்ல?” என்பார்.

என் கதைக்கு வருகிறேன். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, எந்த எடைக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு பால் என்று எங்கள் வார்டில் மூன்று வருடம் குறித்து வைத்ததைக் கட்டுரையாக எழுதினேன். என் வாழ்க்கையின் முதல் கட்டுரை. இரண்டு டாக்டர்கள் படித்துச் சரி சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இதழ் வர வேண்டும். சனிக்கிழமை, சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் நர்ஸுகள் கையில் அதைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தார்.

“சிஸ்டர், உங்க அட்டவணையை நிறுத்தி வெச்சிருக்கேன்.”

எனக்கு வந்ததே கோபம்! யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பின்னறைக்குப் போய் நின்றேன்.

“ரெண்டு டாக்டருங்க பாத்தாச்சு. நீங்க யாருக்கா நிறுத்துறதுக்கு? பஸ் விடுற வேலையா இது?”

அக்கா நிமிரவே இல்லை. பென்சில் முனையை அட்டவணையின் அடியில் வைத்தார். “கடைசி ரெண்டு வரியில ஒரே நம்பர் இருக்கு பாருங்க. மேல ஒவ்வொரு வரிக்கும் கூடிக்கிட்டே வருது, இங்க வந்ததும் நின்னு போச்சு. ரெண்டு பஸ் ஒரே நிமிஷத்துல கிளம்புறதா யாராவது எழுதினா, நான் அவன் நோட்டை வாங்கிப் பாப்பேன். உங்க நோட்டு எங்க?”

“வார்டுல.”

“போய்ப் பாத்துட்டு வாங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க.”

திட்டிக்கொண்டேதான் போனேன். நோட்டைப் பிரித்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்து ஒப்பிட்டேன். தட்டச்சு செய்தபோது பால் அளவின் முதல் கட்டத்தைத் தெரியாமல் அழித்திருக்கிறேன். பால் அளவு மட்டும் மொத்தமாக ஒரு படி மேலே ஏறிவிட்டது. அடியில் விழுந்த ஓட்டையை, மேலே இருந்த எண்ணை இழுத்து நானே நிரப்பியிருக்கிறேன். ஆக, இருப்பதிலேயே சின்னக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய குழந்தையின் பால். அந்த வயிறு தாங்காது. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை அதைத்தான் இருபது ஆஸ்பத்திரிக்கு என் கையாலேயே கொடுத்திருப்பேன்.

பின்னறைக்குத் திரும்பிப் போனேன். நோட்டை மட்டும் நீட்டினேன். அக்கா எண்களை மாற்றினார், இரண்டு முறை சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னார், பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். “உக்காருங்க சிஸ்டர். பஸ் இன்னும் கிளம்பலையே.” நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அன்றே கட்டுரையின் முடிவில் அவருக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்தேன். இதழ் வந்தபோது அந்த வரி இல்லை. கேட்டால், “அவங்கவங்க வேலைய அவங்கவங்க செஞ்சதுக்கு நன்றி கிடையாது. அது இங்க சட்டம்” என்றார். யார் போட்ட சட்டம் என்று நூலகரைக் கேட்டேன். அவர் அக்காவைக் கண்ணால் காட்டினார்.

எட்டு மாதம் கழித்து, நான் பார்த்தே இராத ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் படம் அனுப்பினாள். எங்கள் அட்டவணையைப் பெரிதாக அச்செடுத்து வார்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பெருமை தாங்காமல் ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“டேப்பை மேல ஒட்டியிருக்காங்க. முதல் வரி மறைஞ்சு போச்சு. இப்பவே போன் போடுங்க.”

போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், டேப் கிழியும் சத்தம். அப்புறம் அந்தப் பெண் சொன்னாள்: “நல்ல வேளை சொன்னீங்க சிஸ்டர். இது ரெண்டாவது வரியில ஆரம்பிக்குதுன்னே நெனச்சுட்டிருந்தோம். காலையில ஒரு பையன் பிறந்திருக்கான், இந்த முதல் வரி எடைதான். இனிமேதான் பால் ஆரம்பிக்கணும்.”

போனை ஸ்பீக்கரில்தான் வைத்திருந்தேன். அக்கா காதில் விழுந்தது. அடுத்த கட்டுரையின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டார்.

இதை அந்தப் பத்திரிகைக்கு எழுதவில்லை. இங்கே அவருடைய பென்சில் வராது. அதனால் சொல்லிவிடுகிறேன்: நன்றி அக்கா.