வலது பக்கம் நடந்த தாத்தா

என் பேத்தி ஸ்டெல்லா இன்று தஞ்சாவூர் நீச்சல் குளத்தில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். மெதுவாகத்தான் எழுத வருகிறது, பொறுமையாகப் படியுங்கள்.

அவள் எங்கள் ஆற்றில் நீந்திப் பழகியவள். கட்டை வருகிறதா, ஆகாயத்தாமரை வருகிறதா என்று பார்க்க நாங்கள் தலையைத் தூக்கித்தான் நீந்துவோம். குளத்திலும் அப்படியே தூக்கி மூச்சு வாங்கினாள். தலை எழும்பினால் கால் தாழ்ந்து வேகம் குறைந்துவிடுகிறது.

"இங்க என்ன கட்டையா மிதந்து வருது? பக்கவாட்டுல திரும்பி மூச்சு எடும்மா" என்று கோச் அம்மா எத்தனையோ முறை சொல்லிவிட்டார். பழக்கம் போகவில்லை. இன்றும் தூக்கினால் அணியில் இடமில்லை என்ற நிலை.

கோச் அம்மா என்னைக் கூப்பிட்டார். "தாத்தா, நீங்க வலது பக்கமா அவகூடவே கரையில நடங்க. ஸ்டெல்லா, மூச்சு எடுக்கிறப்பல்லாம் தாத்தா வர்றாரான்னு பாத்துக்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்ன முகம் என் பக்கம் திரும்பியது. ஒரு தடவைகூடத் தலை எழும்பவில்லை.

கரையேறியதும், "என்ன தாத்தா, ஆமை மாதிரி வர்றீங்க? கடைசில உங்களக் காணவே காணோம்!" என்றாள்.

குவைத்தில் இருக்கும் அவள் அப்பா, அவள் நீந்திய வீடியோவை அனுப்பியதும் பார்த்து அழுதுவிட்டான். கோச் அம்மா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

போட்டி வரை பயிற்சியில் தினமும் நான் நடக்க வேண்டுமாம். நாளையிலிருந்து வேகமாக நடந்து பழகப் போகிறேன். துணைக்கு வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள். தலையை மட்டும் தூக்காதீர்கள்.