இருபது வரை எண்ணியவள்

அந்த மருத்துவமனையில் ஸ்கேன் அக்கா என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். முப்பத்தொரு வருஷம் சி.டி. அறைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவள். இப்போதைய இயந்திரம் நெஞ்சை நாலைந்து விநாடியில் படம் பிடித்துவிடுகிறது. மூச்சைப் பிடிக்கச் சொல்வதும் விடச் சொல்வதும் பதிவு செய்த ஒரு குரல். அந்தக் குரல் கேட்டாலே அவளுக்குப் பழைய இயந்திரம் ஞாபகம் வரும். கூடவே அவரும்.

அவர் என்றால் அவள் கணவர், பஸ் டிரைவர். ஒரு வருஷம் இருமல் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரேயில் பட்டாணி அளவு ஒரு நிழல். இருக்கிறதா, கண்ணின் மயக்கமா என்று டாக்டருக்கே சந்தேகம். சி.டி. எடுக்கப் பத்து நாள் கழித்துத் தேதி.

பழைய இயந்திரத்தில் எக்ஸ்ரே குழாய் உடம்பை ஒரு சுற்று வர ஒரு விநாடி. அந்த ஒரு சுற்றில் படுக்கை நகரும் தூரம் கதிரின் அகலத்தைப் போல எத்தனை மடங்கோ, அதுதான் பிட்ச். பிட்ச் ஒன்று என்றால் அவர் நெஞ்சுக்கு முப்பது விநாடி. இரண்டு என்றால் பதினைந்தே போதும், ஆனால் படம் மங்கும்.

“ஒன்றரைக்கு மேல போகாதீங்க, சின்னது தப்பிடும்” என்றார் டாக்டர்.

ஒன்றரை என்றால் இருபது விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அவருக்கோ பன்னிரண்டிலேயே மூச்சு முட்டியது.

“உன் மிஷின்தானே, கொஞ்சம் வேகமா ஓட்டேன். நான் ஓட்டலையா?”

அவள் பேண்டேஜை எடுத்து அவர் கையில் சுற்றினாள். “கதிரும் உங்களை இப்படித்தான் சுத்தும். ஒட்டி ஒட்டிச் சுத்தினா எல்லாம் மூடுது. இழுத்துச் சுத்தினா சீக்கிரம் முடியுது, ஆனா நடுவுல தோல் தெரியுது பாருங்க. உங்க பட்டாணி அங்க உட்கார்ந்திருந்தா?”



அன்று முதல் தினமும் சாப்பாட்டு மேஜையில் பயிற்சி. கடிகாரத்தைப் பார்த்து இருவரும் சேர்ந்தே மூச்சைப் பிடிப்பார்கள்.

“மூக்கு வழியா திருட்டு மூச்சு விடுறீங்க!”

“சத்தியமா இல்ல.”

“மீசை ஆடுச்சே!”

அவளுக்குச் சிரிப்பு வந்து மூச்சு போய்விடும். மறுபடி ஒன்றிலிருந்து. அந்தப் பத்து நாள் பயத்திலும், அவர்கள் அவ்வளவு சிரித்த நாட்கள் வேறு கிடையாது. ஒன்பதாம் நாள்தான் இருபதைத் தொட்டார்.

ஸ்கேன் அன்று “மூச்சைப் பிடிங்க” என்று மைக்கில் சொல்லிவிட்டு அவளும் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. படுக்கை நின்றது. கம்ப்யூட்டர் திரையில் நிழல் தெளிவாக, சின்னதாக, வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தது. அதையே பார்த்தபடி அவள் மூச்சை விட மறந்தாள். அவரை விடச் சொல்லவும் மறந்தாள். திரும்பினால் முகம் சிவந்து, கால்விரல் மடங்கி, மனிதர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்!

“விடுங்க, விடுங்க!”

இருமி முடித்துவிட்டு அவர் கேட்டார். “நீ சொல்லாம எப்படி விடுறது?”

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அதன்பின் ஒன்பது வருஷம் பஸ் ஓட்டினார்.

பிறகு ஒரு காலை, அதே மருத்துவமனையின் இன்னொரு வார்டில், இதயம் கைவிட்டது. அவர் கையைப் பிடித்திருந்தவளுக்கு மூச்சு நின்றது தெரிந்தது. பழக்கத்தில் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு எண்ணினாள். இருபது வந்தது.

“விடுங்க” என்றாள். “நான் சொல்லிட்டேன்ல, விடுங்க.”

அவள் பேச்சை அவர் கேட்காதது அந்த ஒருமுறைதான்.